கொசுப் பரீட்சை

ராதாகிருஷ்ணன் சுகாதார இன்ஸ்பெக்டர் படிப்புக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு லோட்டா பால் குடித்ததில்லை. பால் வந்ததும் கண்ணாடிக் குழாய் ஒன்றை அதில் மிதக்கவிட்டு, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பான். பால்காரர் வாசலிலேயே நிற்பார். வைத்தியர் நாடி பார்க்கும்போது பக்கத்தில் நிற்கிற சொந்தக்காரர் மாதிரி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"தம்பி, மாடு மழையில நனைஞ்சிடுச்சுப்பா. அதான்."

"மாடு நனைஞ்சா பால்ல தண்ணி ஏறுமாண்ணே?"

"மலாயா மழை அப்பிடிப்பா. உள்ள எறங்கிடுது."

வள்ளியம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பாள். தம்பி படிக்கும் படிப்பு அவளுக்குப் பாதி வேடிக்கை, பாதி பயம். ஒருநாள் அவன் நாடாவைப் பிடித்துப் படுக்கையறையின் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தான். ஓர் ஆள் மூச்சுவிட இத்தனை அடி காற்று வேண்டும், இந்த அறையில் அது இல்லை என்றான்.

"காத்தையும் அளந்து வாடகை கேக்கப் போறாங்களாடா?"

"இல்லக்கா. ஜன்னலைத் தொறந்து வைக்கணும்."

"தொறந்து வச்சா ரயில் கரி பூரா சோத்துலதான் உக்காரும். அதுக்கு ஒம் பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?"

அவன் நாடாவைச் சுருட்டி வைத்தான். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்கும் பழைய செங்கல் சூளைக் குழிகளுக்கும் நடுவே இருந்த பலகை வீட்டு வரிசை அது. தகரக் கூரை, ஒரே நீளமாகப் போகிற பின்பக்கச் சாக்கடை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாயடி. சூளைகள் நின்றுபோய் வெகுகாலமாகியும் மண் தோண்டிய பள்ளங்களில் மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். மழையோ பிற்பகலானால் வராமல் இருக்காது.

வள்ளியம்மா ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணிமாருக்குச் சமைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். விடிவதற்கு முன் தோசைக் கல் காயும். பத்து மணிக்குள் சோறு, சாம்பார், ஒரு பொரியல், ஒரு ரசம், வெள்ளிக்கிழமையென்றால் பாயசம். எல்லாம் தூக்குகளில் ஏறி ஆபீசுக்குப் போய்விட வேண்டும். புருஷன் இருந்தவரை கிள்ளான் துறைமுகத்தில் இருந்தார்கள். அவர் ரயில் பாதை வேலையாட்களை மேய்க்கிற தண்டல். தண்டவாளத்துக்குக் கீழே சேறு இறங்கிக்கொண்டே இருக்கும், அவர் ஆட்களை வைத்துக் கல் கொட்டிக்கொண்டே இருப்பார். குளிர் ஜுரம் வந்தது, விட்டது, மறுபடி வந்தது. மூன்றாவது முறை வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. அப்போது ராதாகிருஷ்ணன் பள்ளிக்கூடத்துப் பையன். அவனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அவள் கோலாலம்பூருக்கு ரயில் ஏறினாள்.

அவன் சத்தம் போட்டுப் படிப்பான். இங்கிலீஷில் படித்துவிட்டு அவளுக்காகத் தமிழில் சொல்வான். கொசுதான் ஜுரத்தைக் கொண்டுவருகிறது, கொசு தேங்கின தண்ணீரில் முட்டையிடுகிறது என்று அவன் முதல் முறை சொன்ன அன்று அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. கிள்ளானில் வீட்டுப் பின்னால் ஒரு மரப்பீப்பாய் வைத்திருந்தாள். அங்கே நல்ல தண்ணீர் கிடைப்பது கஷ்டம். மழைத் தண்ணீரை அதில் பிடித்து வைப்பாள். அது எப்போதும் நிறைந்திருப்பதில் அவளுக்கு ஒரு பெருமை. அந்தப் பீப்பாயில் சின்னச் சின்னப் புழுக்கள் துள்ளுவதை அவள் பார்த்திருக்கிறாள். துணியில் வடிகட்டி அதே தண்ணீரில் அவருக்குக் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள்.

தம்பியிடம் அவள் இதைக் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவான் என்று பயம்.

இரண்டு வருஷப் படிப்பு முடிந்து, சீமையிலிருந்து கப்பலில் வந்த கேள்வித்தாள்களையும் எழுதிவிட்டான். செய்முறைப் பரீட்சை மட்டும் பாக்கி. அதற்கு முன் கிள்ளான் பக்கம் சதுப்பு நிலத்து வேலையைப் பார்த்துப் பழக எல்லோரையும் அனுப்பினார்கள். போகும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். ரப்பர் விலை விழுந்து, கப்பல் கப்பலாகத் தோட்டத்து ஆட்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். அடுத்த வருஷம் வகுப்பே கிடையாது, இந்தத் தடவை தவறினவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சுகாதார ஆபீசில் சொல்லியிருந்தார்கள்.

அவன் போன மூன்றாம் நாள் அய்யாவு சேதி கொண்டுவந்தார். அதே வரிசையில் குடியிருப்பவர். முதுகில் தகரத்தைக் கட்டிக்கொண்டு கொசுப்புழு சாவதற்காகச் சாக்கடைகளுக்கு மலேரியா எண்ணெய் அடிப்பது அவர் வேலை. சட்டை, வேட்டி, மீசை எல்லாவற்றிலும் அந்த வாசம்தான்.

"தங்கச்சி, ஒரு ரகசியம். பரீட்சை எங்க நடக்கப் போவுது தெரியுமா? இங்கதான். நம்ம வரிசையும் அதுல இருக்கு. சுகாதார ஆபீஸ் தொரை நேரா வந்து வீடு வீடாப் பாக்கப் போறாராம், கொசுப்புழு இருக்கான்னு."

"என் வீட்டையுமாண்ணே?"

"ஒன் வீட்டை விட்டுட்டா பாப்பாரு?"

வள்ளியம்மா அன்றைக்கே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். தம்பி படித்த படிப்புக்கு அவன் குடியிருக்கிற வரிசையிலேயே புழு இருந்தால் யார் அவனுக்குச் சர்ட்டிபிகேட் கொடுப்பார்கள்? வரிசை முழுவதும் ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கக் கூடாது. தம்பியிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது; தெரிந்தால் நியாயம் பேசித் தடுத்துவிடுவான்.

பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தீபாவளிக்கு எப்படியும் சுத்தம் செய்யத்தான் வேண்டும். தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கி அடுப்பில் போட்டார்கள். உடைந்த பானை, பழைய தகரம், கோழிக்குத் தண்ணீர் வைக்கிற மரவை எல்லாவற்றையும் கவிழ்த்தார்கள். கூரைத் தகரத்தின் மடிப்பில் நின்ற தண்ணீரை அண்டை வீட்டு முத்து பீவியின் புருஷன் ஏணி போட்டு ஏறித் துடைத்தான். அவனுக்கு ஸ்டேஷன் பக்கம் சோற்றுக் கடை. மத்தியானக் கூட்டத்தை விட்டுவிட்டு வந்திருந்தான்.

"ஒங்க தம்பி பாஸாகட்டும் வள்ளியக்கா, அல்லா புண்ணியத்துல. அப்பறம் எங்க கடைப் பக்கம் வந்து ஈயைப் பாக்காம இருந்தாச் சரி" என்றாள் முத்து பீவி.

வீரம்மா வீடுதான் வம்பு. அவள் வீட்டுப் பின்னால் ஆட்டுக்கல் ஒன்று மழைத் தண்ணீரோடு கிடந்தது.

"வீரம்மா, அந்தக் குழியைத் தொடச்சுடு."

"தொடைக்கிறேன், தொடைக்கிறேன். இப்பத்தான் உக்காந்தேன்."

"காலையிலயும் இப்பத்தான் உக்காந்தேன்னே."

"நடுவுல எந்திரிச்சேன்ல!"

"ஒன் ஆட்டுக்கல்லால என் தம்பி வாழ்க்கை போயிடும்டி."

"ஆமா, என் ஆட்டுக்கல்லு ஏறிப் போயித்தான் தொரைகிட்ட கோள் சொல்லப் போவுது. ஒரு நாளு மாவாட்ட வந்திருக்கியா நீ அதுல? இன்னைக்கு மட்டும் வந்து அதிகாரம் பண்றே."

கடைசியில் வள்ளியம்மாவே குனிந்து, கந்தலால் அந்தக் குழியை ஒற்றி எடுத்தாள். வீரம்மா உட்கார்ந்தபடியே, "அந்த ஓரத்துல கொஞ்சம் இருக்கு பாரு" என்று காட்டினாள்.

அதோடு வேலை முடியவில்லை. மழை ஒவ்வொரு நாளும் வந்து எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுப் போகும். மழை விட்டதும் பெண்கள் துடைப்பத்தோடு இறங்குவார்கள். சாக்கடையைச் சுரண்டி விடுவார்கள். அய்யாவு தன் தகரத்தில் மிச்சமிருக்கிற எண்ணெயையெல்லாம் இந்த வரிசைக்கே கொட்டினார். சாக்கடை கறுத்து, வானவில் நிறம் காட்டி ஓடியது. சோற்றில்கூட எண்ணெய் வாசம் என்று கிராணிமார் சொல்லி அனுப்பினார்கள். "நல்லெண்ணெய்தான், புதுசா வாங்கினேன்" என்று வள்ளியம்மா பதில் சொல்லி அனுப்பினாள்.

பரீட்சை நாள் காலையில் மழை இல்லை. துரை மோட்டார் காரில்தான் வருவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் நடந்தே வந்தார். நெட்டையாக, வியர்த்த முகத்தோடு, காக்கிக் கால்சட்டை போட்டிருந்தார். கூடவே கார்த்திகேசு என்ற யாழ்ப்பாணத்துக் கிராணி, துரைக்கும் ஜனங்களுக்கும் நடுவே பேச்சை மாற்றிச் சொல்ல. பின்னால் வெள்ளைச் சட்டியும் நீளப்பிடிக் கரண்டியுமாக ராதாகிருஷ்ணன். கிள்ளானிலிருந்து நேராக வந்தவன், வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தான். மற்றப் பையன்களை வேறு வேறு வரிசைகளுக்கு அனுப்பியாகிவிட்டது. சீட்டுக் குலுக்கியதில் இவனுக்குச் சொந்த வரிசையே விழுந்திருந்தது. அவன் துரையிடம் அதைச் சொன்னதற்கு, "அப்படியானால் உனக்குச் சுலபம்" என்று சொல்லிவிட்டாராம்.

வள்ளியம்மா வாசலில் நின்றாள். தம்பி அவளைப் பார்த்தான், சிரிக்கவில்லை. உத்தியோகஸ்தன் மாதிரிப் போகிறானே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

முதல் வீட்டிலிருந்து தொடங்கினான். சாக்கடையில் கரண்டியை விட்டு மொண்டு, வெள்ளைச் சட்டியில் ஊற்றிப் பார்த்தான். எண்ணெய். குழாயடிக்குப் போனான். காய்ந்த சிமெண்டு. கூரை மடிப்பைப் பார்த்தான், கவிழ்த்த பானைகளைப் புரட்டினான், ஆட்டுக்கல் குழிக்குள் விரலை விட்டான். ஒவ்வோர் இடத்திலும் பெண்கள் பெருமையோடு விலகி நின்றார்கள். துரை பாக்கெட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

ராதாகிருஷ்ணனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பார்த்த இடத்தையே மறுபடி பார்க்க ஆரம்பித்தான்.

"ஏன்யா, அதான் ஒண்ணுமில்லையே, பாஸ் போட வேண்டியதுதானே?" என்று வீரம்மா கிராணியிடம் கேட்டாள்.

கார்த்திகேசு திரும்பி வரிசையை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது போலிருக்கிறது.

"என்ன வேலை பாத்து வச்சிருக்கிறியள்! இது உங்கட வீட்டுக்குப் பரீட்சை இல்லையம்மா, பெடியனுக்கு. புழு எங்க இருக்கெண்டு தேடிப் பிடிச்சு, அது என்ன சாதிக் கொசு எண்டு அவர் துரைக்குக் காட்ட வேணும். ஒண்டும் பிடிக்காட்டில் பெயிலல்லோ!"

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முத்து பீவி தலையில் கை வைத்துக்கொண்டாள். அய்யாவு எண்ணெய்த் தகரத்தை மெல்ல இறக்கிச் சுவரோரம் மறைத்து வைத்தார்.

"அடக் கடவுளே, ஆட்டுக்கல்லுல நெறைய இருந்துச்சே" என்றாள் வீரம்மா. "நான் சொன்னேன்ல, சும்மா கெடக்கட்டும்னு."

வள்ளியம்மா அங்கே நிற்காமல் உள்ளே போனாள். துரைக்குக் கொடுக்க அதிரசம் எடுத்து வைத்திருந்தாள். இப்போது அதைக் கொடுத்து என்ன? எதையாவது செய்ய வேண்டுமே என்று அலமாரியைத் திறக்கக் குனிந்தாள்.

அது கம்பி வலைக் கதவு போட்ட சாப்பாட்டு அலமாரி. எறும்பு ஏறாமல் இருக்க அதன் கால்கள் நான்கும் மண் கிண்ணங்களில் தண்ணீருக்குள் நிற்கும். ராதாகிருஷ்ணன் வீட்டில் இருந்தால் வாரம் தவறாமல் அதில் பினாயில் ஊற்றுவான். அவன் போன பிறகு பினாயில் தீர்ந்துவிட்டது. வரிசைத் தண்ணீரையெல்லாம் கொட்டின அன்றைக்கு அவள் இந்தக் கிண்ணங்களையும் கொட்டிவிட்டுச் சாம்பல் போட்டாள். அதிரசம் சுட்டு உள்ளே வைத்ததும் எறும்பு சாம்பலைத் தாண்டி வந்துவிட்டது. சாம்பலைத் தட்டிவிட்டுப் புதிதாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றினாள். குடிக்கிற தண்ணீர்தானே, அதுவும் எறும்புக்காக. அது தேங்கின தண்ணீர்க் கணக்கில் சேரும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

இப்போது சுவரோரக் கிண்ணத்தில் எதுவோ அசைந்தது. அவள் தரையில் கையூன்றிப் பார்த்தாள். சின்னச் சின்னப் புழுக்கள். வளைந்து, நிமிர்ந்து, மேலே வந்து தலைகீழாகத் தொங்கி, நிழல் பட்டதும் அடியில் போய் ஒளிந்தன.

வரிசை முழுவதையும் விரட்டி விரட்டிச் சுத்தம் செய்ய வைத்தவள் வீட்டில். வீரம்மா இதைப் பேரன் பேத்திக்கும் சொல்வாளே! அதைவிடப் பெரியது ஒன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. கிள்ளானில் அவர். இங்கே தம்பி. அங்கேயும் என் தண்ணீர், இங்கேயும் என் தண்ணீர்.

வெளியே துரை ஏதோ சொன்னார். கடிகார மூடி சாத்துகிற சத்தம் கேட்டது.

வள்ளியம்மா எழுந்தாள். வாசலுக்கு வந்து, இத்தனை வருஷத்தில் அந்த வரிசையில் யாரும் அவளிடமிருந்து கேட்டிராத குரலில் கத்தினாள்.

"டேய் தம்பி! இங்க வாடா! நம்ம வீட்டுல இருக்குடா!"

"என்னக்கா இருக்கு?"

"புழுடா! நெறைய இருக்கு, வாடா!"

மங்கலச் சேதி சொல்கிற மாதிரி சொன்னாள். ராதாகிருஷ்ணன் துரையை மறந்து ஓடிவந்தான். தரையில் மண்டியிட்டு, அலமாரிக் காலைத் தூக்கிக் கிண்ணத்தை உருவி, வெள்ளைச் சட்டியில் ஊற்றினான். துரை குனிந்து வந்தார். அப்படியும் வாசல் நிலை அவர் தலையில் இடித்தது. அண்டை வீட்டுப் பெண்களும் பின்னாலேயே வந்து அடுப்படியை அடைத்துக்கொண்டார்கள். அந்த அறைக்கு எத்தனை அடி காற்று என்பதை அன்று யாரும் பார்க்கவில்லை.

"எங்க, எங்க? அட, ஆமா!" என்றாள் வீரம்மா. "வள்ளி வீட்டுலயா! என் ஆட்டுக்கல்லுல இருந்ததைவிடக் கொழுகொழுன்னு இருக்கே!"

துரை கேள்வி கேட்டார். ராதாகிருஷ்ணன் பதில் சொன்னான். கார்த்திகேசு யாரும் கேட்காமலே பெண்களுக்குத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன கொசு எண்டு கேட்டவர். பெடியன் சரியாச் சொல்லிப்போட்டார். கால்ல வெள்ளை வரி போட்ட, பகல்ல கடிக்கிற கொசு... எப்ப ஊத்தின தண்ணி எண்டு கேக்கிறார்."

"இந்த வாரந்தாங்க. அதுக்கு முன்னாடி எல்லாத்தையும் கொட்டிட்டேன்" என்றாள் வள்ளியம்மா.

"கொட்டிப்போட்டுப் புதுத் தண்ணி ஊத்தினது எண்டா, இவ்வளவு சுறுக்கா இவ்வளவு புழு எப்படி எண்டு துரை மடக்கிறார்."

ராதாகிருஷ்ணன் காலியான கிண்ணத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்பக்கச் சுவரில் விரலை ஓட்டி, துரையிடம் நீட்டினான். விரல் நுனியில் கரித்தூள் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

"முட்டையாம். தண்ணியைக் கொட்டினாலும் சட்டியில ஒட்டிக்கொண்டு காய்ஞ்சு கிடக்குமாம். திரும்பத் தண்ணி பட்டாப் பொரிக்குமாம். கொட்டினது மட்டும் காணாது, தேய்ச்சுக் கழுவ வேணும் எண்டுறார்."

துரையின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, இன்னும் ஒன்று சொன்னார். ராதாகிருஷ்ணன் விழித்தான்.

"கடைசிக் கேள்வி" என்றார் கிராணி. "வீட்டுக்காரிக்கு விளங்கிற மாதிரி அவவின்ர பாஷையில எடுத்துச் சொல்ல வேணுமாம். தமக்கை எண்டு பாக்கப்படாது. வீட்டுக்காரி எண்டே நினைச்சுச் சொல்லட்டாம்."

ராதாகிருஷ்ணன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அக்காவுக்கு எதிரே நின்றான். இருவருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்கள்.

"அம்மா, ஒங்க வீட்டுல இந்தக் கிண்ணத்துல கொசுப்புழு இருக்கு."

"ஆமாங்கய்யா" என்றாள் அவள். வரிசையே சிரித்தது.

"இந்தக் கொசு கடிச்சா ஒடம்பு வலி ஜொரம் வரும். எலும்பை முறிச்சுப் போட்ட மாதிரி வலிக்கும். வாரம் ஒரு தடவை கிண்ணத்தை நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு, பினாயில் ஊத்துங்க."

"செய்றேங்கய்யா." அவள் வாய் அதோடு நிற்கவில்லை. இத்தனை வருஷம் தொண்டைக்குக் கீழே வைத்திருந்தது தானாக வெளியே வந்தது. "ஐயா, ஒண்ணு கேக்கணும். வீட்டுப் பின்னால பீப்பாயில மழைத் தண்ணி பிடிச்சு வச்சிருந்தா... அதுல இந்த மாதிரி புழு துள்ளிச்சுன்னா... அந்தக் கொசு கடிச்சு ஆளு செத்துப் போவாங்களா? குளிர் ஜொரம் வந்து?"

சிரிப்பு நின்றது. ராதாகிருஷ்ணன் அக்காவையே பார்த்தான். அவளுக்கு அழுகை வரவில்லை. முகம் மட்டும் இறுகிக் கிடந்தது.

"அக்கா" என்றான். பரீட்சையை மறந்துவிட்டிருந்தான். "பீப்பாயில வர்ற கொசு வேற சாதிக்கா, அது குளிர் ஜொரம் தராது. இந்தக் கொசுவும் தராது. அதைக் கொண்டு வர்றது இன்னொரு சாதி. கிள்ளான் துறைமுகத்துல அது எங்க வளருதுன்னு இப்பத்தான் கண்ணால பாத்துட்டு வர்றேன். கடல் தண்ணியும் மழைத் தண்ணியும் கலந்து நிக்கிற சதுப்புல. ரயில் பாதை ஓரம் பூரா அதுதான். இப்பத்தான் கரை கட்டி வடிய விடுறாங்க. மாமா இருந்தப்ப அங்க கரையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாமாவைக் கொண்டுபோனது அது. நம்ம வீட்டுத் தண்ணி இல்லக்கா."

"நெசமாவாடா?"

"பரீட்சையில பொய் சொல்லுவேனாக்கா?"

துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அங்கே பாடத்துக்கு வெளியே ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்ததோ என்னவோ, குரலைத் தாழ்த்திக் கேட்டார். கார்த்திகேசு கனைத்துக்கொண்டார்.

"தம்பி சொன்னது உங்களுக்கு விளங்கிச்சுதோ எண்டு கேக்கிறார். நீங்கள் சொல்லுறதிலதான் கிடக்குது."

வள்ளியம்மா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ வள்ளி, சொல்லேன்டி!" என்று வீரம்மா அவள் தோளை இடித்தாள். "எனக்கே வெளங்கிடுச்சு, ஒனக்கென்ன!"

"வெளங்கிடுச்சுங்க" என்றாள் வள்ளியம்மா. "ரொம்ப வருசமா வெளங்காம இருந்ததெல்லாம் வெளங்கிடுச்சுன்னு தொரைகிட்டச் சொல்லுங்க."

கார்த்திகேசு அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு துரையிடம் திரும்பி, "யெஸ் சார்" என்று மட்டும் சொன்னார்.

துரை தாளை மடித்துப் பைக்குள் வைத்து, ராதாகிருஷ்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வாசல் நிலைக்குத் தலை கொடுக்காமல் குனிந்து வெளியே போனார். அவர் பின்னால் போன கிராணி திரும்பிப் பார்த்து, "பாஸ்தான், பயப்படாதேங்கோ" என்று உதட்டசைவில் சொல்லிவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் அய்யாவு வாசலில் போட்ட கூச்சலுக்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வள்ளியம்மா அலமாரிக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். கிள்ளானில் அழாமல் விட்டது, ரயிலில் தம்பிக்குத் தெரியாமல் விழுங்கியது எல்லாம் சேர்ந்து இப்போது வந்தது. சத்தம் போட்டு அழுதாள். இடையிடையே சிரிக்கவும் செய்தாள். முத்து பீவி அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். யாரும் அவளை அழாதே என்று சொல்லவில்லை.

அடுப்பில் கிராணிமார் சோறு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்துகொண்டிருந்தது. வீரம்மா யாரும் சொல்லாமலே கரித்துணியை எடுத்துப் பானையைப் பிடித்து இறக்கி, கஞ்சியை வடிக்க ஆரம்பித்தாள்.